ழை-யில் ஒரு சொல் சொல்லுங்கள்



ஜூன் பிறந்துவிட்டது. கடைத்தெருவில் பழுப்புத் தாளும் லேபிளும் வாங்கக் கூட்டம் நெரிகிறது. பையும் செருப்பும் புதிது. ஆனால் பள்ளி திறந்த அன்று பிள்ளையின் காதில் விழும் முதல் கேள்வி மட்டும் பழையது: “லீவுல எல்லாத்தையும் மறந்துட்டியா?” அந்தக் கேள்வியை இந்த ஆண்டு விட்டுவிடுவோம். முதல் வாரம் முழுக்கப் பிள்ளைகள் சொல் விளையாட்டு விளையாடட்டும். நான் கேட்க வந்தது அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

சொல் சங்கிலி உங்களுக்குத் தெரியும். ஒருவர் முடித்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். ‘மாடு மேய்க்கும் தம்பி’ என்றால் ‘பி’யில் ‘பிள்ளையார்’ வரும். புள்ளி எழுத்தில் முடிந்தால் புள்ளியை எடுத்துவிடலாம் என்று பிள்ளைகளே சட்டம் போட்டுக்கொள்வார்கள். ஆட்டம் விறுவிறுப்பாகப் போகும். திடீரென்று ஒருத்தி ‘வாழை’ என்பாள். அடுத்தவன் ‘ழை’யில் தொடங்க வேண்டும். மேலே பார்ப்பான், கீழே பார்ப்பான், நகத்தைக் கடிப்பான். கடைசியில், “டீச்சர், இது அழுகுணி ஆட்டம்! ழை-ல ஒண்ணுமே இல்ல!” என்று கத்துவான்.

அவன் கத்தியது என்ன தெரியுமா? இலக்கணம். எந்தெந்த எழுத்துகள் சொல்லுக்கு முதலில் வரும், எவை வராது என்று நன்னூல் வகுத்துச் சொல்கிறது. ‘மொழிமுதல் எழுத்துகள்’ என்று தலைப்புப் போட்டு நாம் அதை மனப்பாடம் செய்யச் சொல்வோம், பிள்ளை கொட்டாவி விடும். இங்கே அதே பிள்ளை ஆட்டத்தில் தோற்று, தானாகவே கண்டுபிடித்துவிட்டது. ‘கிளி’ என்று சொன்னால் ‘ளி’யில் எதிராளி மாட்டுவான், ‘பனை’ என்றால் ‘னை’யில் மாட்டுவான், ‘துணி’, ‘காற்று’ எல்லாம் அப்படித்தான் என்று இரண்டாம் நாளே கெட்டிக்காரப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. ‘தலை’ என்றால் அடுத்தவன் மாட்ட மாட்டான். ‘லைட்டு’ என்று தப்பித்துவிடுவான். ‘ரி’ வந்தால் ‘ரிப்பன்’, ‘டீ’ வந்தால் ‘டீ’யே இருக்கிறது. ‘லைட்டும் ரிப்பனும் தமிழா டீச்சர்?’ என்று எதிர்க்கட்சி எழுந்து நிற்கும். அந்த இடத்தில் ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல அவசரப்படக் கூடாது. ட, ர, ல ஆகியவற்றில் தொடங்கும் சொற்களைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். லாரி, லட்டு, ரப்பர், ரொட்டி, டப்பா, டவுன் என்று வந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து வந்த சொற்களை அடையாளம் காண அந்தப் பட்டியலே பாடம் நடத்திவிடும்.

எதுகையிலும் இப்படி விளையாடலாம். படம், குடம், தடம், வடம், இடம் என்று இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓடலாம். இத்தாலியில் பிறந்து, முப்பது வயதுக்குப் பிறகு தமிழ் படித்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று அதற்கு நான்கு பகுதிகள். நான்காவதான தொடை, எதுகைச் சொற்களுக்கென்றே அமைந்தது. நிகண்டுகளைச் செய்யுளாக உருப்போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர் சொற்களை அகரவரிசையில் தேடும்படி அடுக்கிக் கொடுத்தார்.

அடுத்தது, சொல் கொண்டுவரும் விளையாட்டு. பிள்ளைகளே, நீங்களே சொல்லுங்கள்: மாம்பிஞ்சுக்கு என்ன பெயர்? வடு. ஊறுகாய் ஜாடி சொல்லிக் கொடுத்திருக்கிறது! தென்னம்பிஞ்சுக்கு? குரும்பை. வாழைப்பிஞ்சுக்குக் கச்சல், பலாப்பிஞ்சுக்கு மூசு. தேரை உட்கார்ந்து கெட்டுப்போனதாகச் சொல்லும் தேங்காய்க்கு அல்லிக்காய் என்று பெயர். இவற்றையெல்லாம் தேவநேயப் பாவாணர் திரட்டி வைத்தார். பத்தாம் வகுப்புப் பாடநூலில் ‘தமிழ்ச்சொல் வளம்’ என்ற பாடமாக அது இருக்கிறது. எனக்கு அதில் ஒரு வருத்தம். குரும்பையில் ஈர்க்கு செருகி விளையாடும் வயதில் கிடைக்க வேண்டிய சொல், பொதுத்தேர்வுக்கு ஒரு மதிப்பெண் கேள்வியாகத்தான் நம் பிள்ளைக்கு அறிமுகமாகிறது.

பெற்றோர்களே, சந்தைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். கீரைக்கார அம்மாவிடம் பெயர் கேட்கச் சொல்லுங்கள். தச்சர், கொத்தனார், தையற்காரர், மீன் விற்பவர் ஒவ்வொருவரிடமும் பாடநூலில் இல்லாத சொற்கள் இருக்கின்றன. இடைசெவல் விவசாயி கி. ராஜநாராயணன் உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. கரிசல்காட்டு மக்களின் வாயிலிருந்து அவர் திரட்டிய வட்டார வழக்குச் சொல்லகராதி 1982-இல் வந்தது. பிறகு பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. ‘எங்க ஆத்தா இப்படித்தான் சொல்லும்’ என்று ஒரு குழந்தை வகுப்பில் சொன்னால், ‘அது கொச்சை’ என்று அதட்டாதீர்கள். நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆத்தாவின் பெயரையும் எழுதட்டும்.

கொண்டுவந்த சொல்லை அகராதியில் தேடுவதுதான் கடைசிப் பந்தயம். அதிலும் வேடிக்கை உண்டு. ‘அகல்’ முன்னால் வருமா, ‘அக்கா’ முன்னால் வருமா? பெரியவர்களே, கொஞ்சம் யோசியுங்கள். அக்காதான் முன்னால்! புள்ளி எழுத்துக்கு முதலிடம். தேடித் தேடித்தான் இது கைக்கு வரும்.

தேடுவதற்குப் புத்தகம் வேண்டுமே. அதனால் நூலகர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அகராதிகளும், பெரியசாமித் தூரன் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பல நூலகங்களில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டில் இருக்கின்றன. இங்கே அவற்றை வெளியே எடுத்து, எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டும் மேசையில் வையுங்கள். அட்டை கிழியும், கிழியட்டும். பைண்டிங் செலவை வாசகர் வட்டம் ஏற்றுக்கொள்ளட்டும். முதல் நூறு ரூபாயை இந்த மேடையிலேயே நான் தருகிறேன். பள்ளி திறப்பதற்குள் பூட்டைத் திறந்துவிடுங்கள் ஐயா.