வாட்டம் யார் கையில்?

(நாரணாபுரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. வந்து உட்கார்ந்ததும் ஒரு தங்கச்சி வேறு கேள்வி கேட்டது. "அண்ணே, பி.இ. சிவில் முடிச்சிட்டேன். எம்.இ.யில எதை எடுக்க? எல்லாரும் ஸ்ட்ரக்சரல் எடு, அதுக்குத்தான் மதிப்புங்கிறாங்க." இன்றைக்கு அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். கவிதை எங்கும் ஓடிவிடாது.

நான் பொறியாளன் இல்லை. வங்கியில் குமாஸ்தா. கல்விக் கடன் மனுக்கள் என் மேசை வழியாகப் போகின்றன. சேரியிலிருந்து வருகிற பிள்ளைகள் என்ன படிப்பது என்பதைப் பெரும்பாலும் வேறு யாரோதான் முடிவு செய்திருக்கிறார்கள். அதனால் இதைப் பேசுகிற உரிமை எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

கொத்தனார் வேலை, சித்தாள் வேலை பார்த்த எல்லாருக்கும் 'வாட்டம்' என்ற சொல் தெரியும். தண்ணீர் ஓடுவதற்காகக் கொடுக்கிற சரிவு. பாதாளச் சாக்கடைக் குழாயில் கழிவுநீர் நொடிக்குக் குறைந்தது 0.6 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்பது கணக்கு. அந்த வேகம் இருந்தால் மண்ணும் மலமும் அடியில் தங்காது. குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். வாட்டம் குறைந்தால் படியும், படிந்தால் அடைக்கும், அடைத்தால் ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு காத்திருக்கும். மறுநாள் பத்திரிகையில் 'விஷவாயு தாக்கிச் சாவு' என்று நாலு வரி வரும். வாயுமேல் பழி போட்டுவிட்டால் வரைபடம் போட்டவர் தப்பித்துக்கொள்ளலாம்.

வாட்டம் மட்டும் சரியாக இருந்தால் போதுமா? போதாது. இயந்திரம் நுழைய முடியாத சந்தில் ஆள்நுழை குழியை வைத்தால் மறுபடியும் மனிதர்தான் இறங்குவார். இயந்திரம் வாங்க டெண்டரில் பணம் ஒதுக்காவிட்டாலும் அவர்தான். சட்டப்படி ஒப்பந்தக்காரர்மேல் வழக்குப் போடாவிட்டாலும் அவர்தான். மலம் அள்ள மனிதர்களை அமர்த்துவதை 1993-இல் ஒரு சட்டம் தடை செய்தது. 2013-இல் இன்னொரு சட்டம் சாக்கடைக்குள் ஆபத்தான முறையில் இறக்குவதையும் தடை செய்தது. சாக்கடைச் சாவுக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது, 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. இழப்பீடு கூடிக்கொண்டே போகிறது. சாவு நிற்கவில்லை.

ஒரு சாவுக்குள் எத்தனை பாடம் இருக்கிறது பாருங்கள். நீரியல், மண்ணியல், சாலை, நிலஅளவை, மதிப்பீடு, சட்டம். கல்லூரியில் இவற்றுக்கெல்லாம் தனித்தனி அறை. சாதி ஊரையும் சேரியையும் பிரித்ததுபோல அறிவையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'அது என் துறை இல்லை' என்று சொல்லி எல்லாரும் கையைக் கழுவலாம்.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலை மறக்க முடியுமா? 2022 டிசம்பரில், தலித் குடியிருப்புக்குத் தண்ணீர் தருகிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது தெரிய வந்தது. குற்றவாளி யார் என்று நாடே பேசியது. பேச வேண்டியதுதான். ஒரு பொறியாளர் இன்னொன்றையும் கேட்டிருக்க வேண்டும். ஒரே ஊரில் சேரிக்குத் தனித் தொட்டி ஏன்? ஒரே தொட்டி, ஒரே குழாய்வலை என்றால் எல்லார் வாய்க்கும் ஒரே தண்ணீர். தனித் தொட்டிக்கும் யாரோ வரைபடம் போட்டார்கள், மதிப்பீடு எழுதினார்கள், கையெழுத்திட்டார்கள். தீண்டாமைக்குக் கான்கிரீட்டும் இருக்கிறது.

அதனால் அந்தத் தங்கச்சிக்கு என் பதில்: விரிவாகப் படி. விரிவு என்றால் எல்லாவற்றிலும் ஒரு கைப்பிடி அள்ளுவது இல்லை. நம் தெருவிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள். அது எந்தெந்தத் துறைக்குள் போகிறதோ, அத்தனை கதவையும் தட்டு.

நமக்கு முன்மாதிரி இருக்கிறது. 1913-இல் பாபாசாகேப் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1915-இல் எம்.ஏ. வாங்கினார். அங்கே இருந்த மூன்று ஆண்டுகளில் பொருளாதாரத்தில் 29 பாடங்கள் எடுத்தவர், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4 என்று எடுத்தார். பொருளாதாரத்தை விடவில்லை. அதைச் சாதிவரை இழுத்துக்கொண்டு போனார். 1927-இல் மகாடு குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்த அதே மனிதர், 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு வடிவம் கொடுத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி அமைப்பு 1945-இல் அவர் பொறுப்பில் இருந்தபோது உருவானதுதான். குளத்தில் கை வைக்க உரிமை கேட்டவர் நதிகளுக்கே திட்டம் போட்டார்.

சரி, எப்படித் திட்டமிடுவது? எம்.இ. இரண்டு ஆண்டு. முதலில் ஓர் அடித்தளம் வேண்டும். கிண்டி பொறியியல் கல்லூரியில் ஸ்ட்ரக்சரல் மட்டும் இல்லை. சுற்றுச்சூழல் பொறியியல், நீர்வளம், போக்குவரத்து எல்லாம் இருக்கிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் 'தொழில்நுட்பமும் வளர்ச்சியும்' என்றே ஒரு எம்.டெக். இருக்கிறது. கிராமத்துத் தண்ணீர், எரிபொருள், சாலை என்று களத்துக்கே அனுப்பிப் படிக்க வைக்கிற படிப்பு.

அடுத்தது விருப்பப் பாடங்கள். மதிப்பெண் எதில் சுலபம் என்று பார்த்து எடுக்காதே. உன் கேள்வி சாக்கடை என்றால் நீரியலோடு மண்ணியல், நிலஅளவையோடு ஒப்பந்த மேலாண்மை எடு. பிற துறைப் பாடம் ஒன்று எடுக்க இடம் கொடுத்தால் சட்டமோ திட்டமிடலோ எடு. கடைசி ஆண்டு ஆய்வேடு உன் கையில் இருக்கிறது. அதற்கு ஏன் எங்கோ இருக்கிற மேம்பாலம்? நம் தெருவுக்குக் குடிநீர் எத்தனை லிட்டர் வருகிறது என்று அள. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஊரில் எவ்வளவு, சேரியில் எவ்வளவு? அளந்து எழுது.

காசு? கேட் தேர்வில் தகுதி பெற்று அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். நமக்கும் பெண்களுக்கும் கட்டணம் பாதி. கேட் இல்லாமல் மாநில நுழைவுத் தேர்வு வழியாகவும் சேரலாம். ஆனால் அந்தப் பணம் வராது. அதனால் முதல் குறி கேட்தான். அப்படியும் கடன் வேண்டியிருந்தால், 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை என்பது மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின் விதி. 'பத்திரம் கொண்டு வா' என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து யாராவது சொன்னால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே குரல் இறங்கிவிடும்.

ஒரு தோழர் இடைமறித்தார்: "எல்லாத்தையும் படிச்சா எதிலயும் ஆழம் இருக்காது. வேலைக்கு யார் எடுப்பா?" நியாயமான பயம். பத்துத் தலைமுறை சொத்து உள்ளவன் பரிசோதனை பண்ணலாம், நாம் பண்ண முடியுமா? அதனால்தான் சொல்கிறேன், ஒரு கருவியாவது முழுசாகக் கையில் இருக்க வேண்டும். குழாய்வலைக் கணக்கை எவனும் குறை சொல்ல முடியாதபடி போடத் தெரிந்திருக்கணும். குடிநீர் வடிகால் வாரியம், நகராட்சி, பொதுப்பணித்துறை எதற்குப் போனாலும் அது சோறு போடும். மீதி அறிவு எங்கே கையெழுத்துப் போட மறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும்.

கடைசியாக நம் மண்ணுக்கு வருகிறேன். இங்கே பட்டாசு அறைகளைத் தினமும் பார்க்கிறோம். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இத்தனை தூரம் என்று விதி இருக்கிறது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் ஒரே நாளில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருகினார்கள். பட்டாசு அறையும் ஒரு கட்டடம்தான். அதன் சுவர், கூரை, கதவு, தப்பி ஓடுகிற பாதை எல்லாமே சிவில் பொறியியல்தான். மருந்து பிடித்த கையோடு அம்மா வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆய்வேடு வேறென்ன இருக்கிறது?

இத்தனை காலம் நாம் மண் சுமந்தோம், கல் உடைத்தோம், குழிக்குள் இறங்கினோம். வாட்டத்தை மட்டும் வேறு யாரோ குறித்தார்கள். இனி மட்டப்பலகை நம் பிள்ளைகள் கையிலும் இருக்கட்டும்.

தங்கச்சி, மனுவை நிரப்பு. ஜெய்பீம்.