படத்தின் கீழே பெயர் இருக்கட்டும்

இலக்கிய அன்பர்களே, முகாம்களிலிருந்து வந்து இந்தக் கூடத்தின் சுவர்களைத் தங்கள் ஓவியங்களால் நிறைத்திருக்கும் இளம் ஓவியர்களே!

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். 2021-இல் அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயர் மாற்றியது. புதிய வீடுகளும் எழுகின்றன. மனமார வரவேற்கிறேன். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் குடும்பமே படுத்தெழும்போது, வரைய ஆசைப்படும் பிள்ளை தாளை எங்கே விரிக்கும்? ஈர வண்ணத்தை எங்கே காயவைக்கும்? கலையைப் பற்றிப் பேசுமுன் இந்த இடநெருக்கடியைப் பேசியாக வேண்டும்.

முகாம் இளைஞர்களில் ஏராளமானோர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் தினக்கூலி வேலைக்குப் போகிறார்கள். பட்டம் பெற்றவர்களும் அந்த வேலைக்குத்தான் போகிறார்கள். 1987 ஜூலை முதல் தேதியிலிருந்து இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவர்கூட இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. குடியுரிமை இல்லையென்றால் இந்தியப் பாஸ்போர்ட்டும் இல்லை. வெளிநாட்டிலிருந்து கண்காட்சிக்கு அழைப்பு வந்தால் ஓவியம் விமானம் ஏறும். வரைந்தவர் இங்கேயே நிற்க வேண்டும்!

இத்தனைக்கும் நடுவில் ஒரு பெண்ணோ பையனோ தூரிகையை எடுத்தால், நாம் என்ன கேட்கிறோம்? படகு எங்கே, முள்வேலி எங்கே, அழும் தாய் எங்கே என்று கேட்கிறோம். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், போரில் வீடிழந்த தமிழர்களையும் முஸ்லிம்களையும் தங்கள் பழைய வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து வரையச் செய்தார். 2011-இல் அது நூலாக வந்தது. கிணறு, வாசல், மாமரம் எல்லாம் மனத்தில் பதிந்திருந்தவர்கள் அவர்கள். ஆனால் மண்டபம், கும்மிடிப்பூண்டி முகாம்களில் பிறந்த பிள்ளை அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. பார்க்காத வீட்டுக்காக அவள் அழுது காட்ட வேண்டுமென்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை? தெருக்குழாயடியை வரையட்டும். பூனையை வரையட்டும். வெறும் மஞ்சளைத் தாள் முழுக்கப் பூசட்டும்.

அன்பர்களே, குழந்தைகளை விரும்பியதை வரையவிட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பிராக் நகருக்கு அருகே தெரேசின் என்ற ஊர். யூதர்களை நாஜிகள் அடைத்துவைத்த இடம். 1942 டிசம்பரில் அங்கே கொண்டுவரப்பட்டார் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியர். புகழ்பெற்ற பாஹவுஸ் கலைப் பள்ளியில் பயின்றவர். கிடைத்த தாளிலெல்லாம் அங்கிருந்த குழந்தைகளை வரையவைத்தார். சிறைச்சுவரைத்தான் வரைய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பூவும் வீடும் மேசையும் அந்தத் தாள்களில் வந்தன. ஒன்றை மட்டும் வற்புறுத்தினார்: படத்தில் உன் பெயரை எழுது. 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போவதற்கு முன் இரண்டு பெட்டிகளில் அவர் ஒளித்துவைத்த ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டார்கள். எண்ணாக்கி அழிக்க நினைத்தவர்களை மீறி அவர்களின் பெயர்கள் நிற்கின்றன.

அதனால்தான் கேட்கிறேன். 'அகதிச் சிறுமி வரைந்தது' என்று எழுதி ஒரு படத்தை மாட்டாதீர்கள். அவள் பெயரை எழுதுங்கள். ஆண்டை எழுதுங்கள். விலையை எழுதுங்கள். பாவம் பார்த்து வாங்குகிறவர் ஒரு படத்தோடு நின்றுவிடுவார். ஓவியம் பிடித்து வாங்குகிறவர்தான் அடுத்த ஆண்டும் வந்து, இப்போது என்ன வரைகிறாய் என்று கேட்பார். ஓவியரை வளர்ப்பது அந்தக் கேள்விதான்.

இந்த அவையில் பதிப்பாளர்கள் இருக்கிறீர்கள், சிற்றிதழ் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளும் ஓவியர் டிராட்ஸ்கி மருதுவின் கோடுகளும் நம் இதழ்களில் இடம்பெற்றுத் தமிழ் வாசகர் வீடுகளுக்குள் வந்தன. அந்த வாசலை இந்த இளம் ஓவியர்களுக்கும் திறந்துவிடுங்கள். உங்கள் அடுத்த நூலின் அட்டைப்படத்தை இவர்களில் ஒருவரிடம் கேளுங்கள். மற்ற ஓவியருக்குத் தரும் அதே தொகையைக் கொடுங்கள். ஓவிய ஆசிரியர்களே, அருகிலுள்ள முகாமுக்கு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் போய் வாருங்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் சேர விண்ணப்பிக்க வழிகாட்டுங்கள். நூலகப் பொறுப்பாளர்களே, மாலையில் பூட்டிக்கிடக்கும் அறையொன்றை இவர்களுக்குத் திறந்து கொடுங்கள்.

குடியுரிமைக்காக நாம் குரல் கொடுத்துக்கொண்டே இருப்போம். அது கிடைக்கும்வரை இவர்களின் தூரிகை காத்திருக்கக் கூடாது. இன்று இந்தக் கூடத்தைவிட்டு வெளியேறும் முன், உங்களுக்குப் பிடித்த ஓர் ஓவியத்தின் முன் நின்று, வரைந்தவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உரிய விலை கொடுத்து வாங்கிச் செல்லுங்கள் என்று உங்களை இருகரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.