டிவி ஆபீஸ் வேலைக்கு நம்ம பிள்ளையை அனுப்பலாமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். போன மாசக் கூட்டத்தில் ரெண்டு அம்மாக்கள், "பிளஸ் டூ முடிச்ச பொண்ணு மீடியா படிப்புதான் படிப்பேன்னு அடம் பிடிக்குது, சென்னைக்கு அனுப்பலாமா?"ன்னு கேட்டாங்க. எங்க அக்கா பொண்ணு சென்னையில் ஒரு செய்தி டிவியில் வேலை பார்க்கிறாள். அதனால் என்னைப் பேசச் சொன்னாங்க. அவள் சொன்னதையும் நாங்க பட்டதையும் வெச்சுப் பேசுறேன்.

டிவி வேலைன்னா பவுடர் பூசிக்கிட்டு செய்தி வாசிக்கிறதுன்னுதான் ஊர்ல நினைக்கிறோம். வாசிக்கிறது ஒருத்தர். அவங்க எதிரே ஒரு கண்ணாடியில் எழுத்து ஓடுது, அதைப் பார்த்துத்தான் படிக்கிறாங்க. அந்த எழுத்தை எழுதுறது உதவி ஆசிரியர். எங்க பொண்ணுக்கு அந்த வேலைதான். வெளியூர் நிருபர் போன்ல சொல்றதை, நாமெல்லாம் கேட்டாப் புரியற மாதிரி நாலு வரியா எழுதணும். படத்தை வெட்டிச் சேர்க்கிறது வீடியோ எடிட்டர். குரல் கொடுக்கிறவங்க, கிராபிக்ஸ் போடுறவங்க, கேமரா பிடிக்கிறவங்க, எதுக்கு அப்புறம் எது வரணும்னு வரிசை போடுறவங்கன்னு பின்னாடி பெரிய கூட்டமே இருக்கு. இதில் பாதி வேலைக்கு முக அழகு தேவையே இல்லை. பிழையில்லாத தமிழும் கைத்தொழிலும்தான் வேணும்.

கஷ்டமும் சொல்லணும். காலை 6 மணிச் செய்திக்கு விடிகாலையிலேயே ஆபீஸ்ல இருக்கணும். நைட் ஷிப்டும் உண்டு. தீபாவளிக்கு நாம பலகாரம் சுடும்போது அவள் செய்தி எழுதிக்கிட்டு இருப்பாள். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ ரெண்டு நாள் வீட்டுக்கே போகல, ஆபீஸ்லயே இருந்தாள். போனும் கிடைக்காம எங்க அக்கா அழுதுட்டாங்க.

சம்பளத்திலும் ஏமாத்து உண்டு. அவள் முதல்ல சேர்ந்த இடத்தில், பேர் வேண்டாம், "பயிற்சி"ன்னு சொல்லி ஆறு மாசம் சம்பளமே தரல. அந்த ஆறு மாசம் விடுதி வாடகைக்கு எங்க குழுவில் உள்கடன் வாங்கித்தான் அனுப்பினோம். இப்ப இருக்கிற வேலை கிடைச்ச பிறகு அவளே மாசாமாசம் கட்டி முடிச்சாள். அதே மாதிரி, "சீரியல்ல நடிக்கப் பெண்கள் தேவை, போட்டோ எடுக்கப் பணம் கட்டு"ன்னு போன் வரும். வேலை கொடுக்கிறவங்க நமக்குத்தான் காசு தரணும். நம்மகிட்ட காசு கேட்டா அது வேலையே இல்லைன்னு வெச்சுக்கோங்க.

2024 ஆகஸ்ட்ல கேரளாவில் நீதிபதி ஹேமா கமிட்டி அறிக்கை வெளிவந்தது. சினிமாவில் பெண்கள் படுற தொல்லை எல்லாம் பேப்பர்ல வந்தது. அதைப் படிச்சதும் எங்க மாமா, "போதும், பொண்ணை நாளைக்கே வரச் சொல்லு"ன்னுட்டார். வீட்டில் மூணு நாள் சண்டை. அவள் போன்ல என்கிட்ட, "சித்தி, தப்புப் பண்றவன் அங்கேயே இருப்பான், நான் மட்டும் வேலையை விட்டு வரணுமா? எங்க ஆபீஸ்ல புகார் கமிட்டி இருக்கு, சுவத்துல பேர் ஒட்டியிருக்கு, அப்பாவை வந்து பார்க்கச் சொல்லுங்க"ன்னாள். மாமாவும் போய்ப் பார்த்துட்டு வந்தார். அதுக்கப்புறம் திரும்பி வரச் சொல்லல.

அந்தச் சட்டம் 2013-ல் வந்தது. நம்ம எல்லாருக்கும் உரியது, அதனால் விவரமாச் சொல்றேன். பத்துப் பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யற எந்த இடத்திலும் உள்ளகப் புகார் குழு இருந்தே ஆகணும். தலைவர் ஒரு பெண்ணாத்தான் இருக்கணும். உறுப்பினர்ல பாதிக்குக் குறையாம பெண்கள் இருக்கணும். வெளியாள் ஒருத்தரும் உண்டு. நிரந்தர வேலை, ஒப்பந்தம், பயிற்சின்னு பாகுபாடு இல்லை. கம்பெனி வண்டியில் போகும்போது நடந்தாலும் புகார் கொடுக்கலாம். மூணு மாசத்துக்குள்ள எழுத்துல கொடுக்கணும். பத்துப் பேருக்குக் குறைவான இடம்னாலும், முதலாளி மேலேயே புகார்னாலும் மாவட்டத்தில் இருக்கிற உள்ளூர்க் குழுவில் கொடுக்கலாம். அவசரத்துக்கு 181.

அதனால, "ஊர் என்ன சொல்லும்?"னு கேக்கிறதை விட்டுட்டு, பிள்ளைகிட்ட இதைக் கேளுங்க:

என்ன வேலை? வேலை உத்தரவு கையில் கொடுத்தாங்களா?
சம்பளம் வங்கிக் கணக்கில் வருதா? பி.எப். பிடிக்கிறாங்களா?
நைட் ஷிப்டுக்கு வண்டி உண்டா?
புகார் கமிட்டியில் யார் யார் இருக்காங்க?
தங்குற இடம் எது?

தங்குறதுக்கு அரசாங்கத்தோட தோழி விடுதிகள் இருக்கு. தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கமும் உண்டு. படிக்கணும்னா தரமணியில் அரசாங்கமே நடத்துற எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கு. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் சொல்லித் தர்றாங்க. தனியார் இடத்தில் லட்சம் லட்சமாக் கட்டுறதுக்கு முன்னாடி அங்கே விசாரிங்க.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நூறு நாள் வேலைக் கூலி பல வாரமா வராம இருந்தப்போ, அது சின்னச் செய்தின்னு ஆபீஸ்ல ஒதுக்கப் பார்த்தாங்களாம். எங்க பொண்ணு, "எங்க அம்மாவும் அந்த வேலைக்குப் போறவங்கதான் சார், அந்தக் காசுலதான் மளிகைக் கடன் அடைக்கணும்"னு சொல்லி, அவளே எழுதிக் கொடுத்தாளாம். அன்னைக்குச் சாயந்திரச் செய்தியில் வந்தது. நம்ம கஷ்டம் தெரிஞ்ச ஒரு பிள்ளை அந்த அறையில் இருந்ததால்தான் வந்தது.

அந்த ரெண்டு அம்மாக்களும் இங்கே உட்கார்ந்திருக்காங்க. விசாரிச்சு அனுப்புங்க அக்கா, ஆனா அனுப்புங்க. வாரம் ஒருதரம் போன்ல பேசுங்க. பணம் முட்டுப்பாடு வந்தா நம்ம குழு இருக்கு.