‘தற்காலிகம்’ என்றால் எத்தனை நாள்?



போர்ட்டிக்சன் கடற்கரையை அறியாத நெகிரி செம்பிலான் தோட்டத்துக் குடும்பம் அநேகமாக இருக்காது. சுவா பெத்தோங், பிராட்வால், லின்சம் என்று எந்தத் தோட்டமானாலும், ஞாயிற்றுக்கிழமை லாரியிலோ பஸ்ஸிலோ ஏறிப் போய்க் குளித்துவிட்டு வந்த கடல் அது. அந்தக் கடற்கரையின் தெற்கே, காட்டு மலையின் உச்சியில் வெள்ளையாக நிற்கிறதே ஒரு கலங்கரை விளக்கம், அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. சரியாகச் சொன்னால், அதன் காலடியில் கிடக்கும் நிலத்தைப் பற்றி.

1511 இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர்கள், 1528-29 வாக்கில் தஞ்சோங் துவான் முனையில் விளக்கு ஏற்றினார்கள். கேப் ராச்சாடோ என்பது அவர்கள் வைத்த பெயர். 1606 ஆகஸ்டில் டச்சுக்காரர்களும் போர்த்துக்கீசியர்களும் மோதிய பெரிய கடற்போர் நடந்தது இந்த முனைக்கு எதிரில்தான். இப்போது நிற்கும் கட்டடம் ஆங்கிலேயர் காலத்தில், 1863 இல் எழுந்தது. இது காட்சிக்கு வைத்த பழம்பொருள் அல்ல. மலாக்கா நீரிணையில் போகும் கப்பல்களுக்கு இன்னும் ஒளி காட்டுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. போர்ட்டிக்சனிலிருந்துதான் அங்கே போக வேண்டும். சுற்றிலும் நெகிரி செம்பிலான். ஆனால் அந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தைச் சேர்ந்தது. மலைக்காடு மலாக்காவின் கையில். விளக்கு கூட்டரசின் கடல்துறை இலாகாவின் கையில். மலையடிவாரத்தைத் தாண்டிய கடற்கரையும் சாலையும் நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் நகராண்மைக் கழகத்தின் கையில். மூன்று வீட்டுக்காரர்கள் இருக்கும் முற்றத்தை யார் பெருக்குவது?

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மலையடிவாரத்துக்குச் சற்று வெளியே ஒரு காலி மனை. விடுமுறைக் கூட்டத்துக்காக நான்கு கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டிக் கார் நிறுத்துமிடம் தொடங்குகிறார் ஒருவர். கேட்டால் ‘தற்காலிகம்தான்’ என்கிறார். ஆறு மாதத்தில் தார்ப்பாய் துத்தநாகத் தகடாகிறது. இரண்டாம் வருடம் சிமெண்டுத் தரை. மூன்றாம் வருடம் கலர் விளக்கும் கரவோக்கேயும். கம்பு நட்ட அன்றே கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. சிமெண்டு போட்ட பிறகு கேட்டால் வழக்கறிஞர், நோட்டீஸ், கோர்ட்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1976 ஆம் ஆண்டின் நகர், புறநகர்த் திட்டமிடல் சட்டம், அதாவது 172 ஆவது சட்டம், கட்டடம் எழுப்புவதை மட்டும் ‘மேம்பாடு’ என்று சொல்லவில்லை. நிலத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதும் மேம்பாடுதான். அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்தால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்து, அந்தக் காலம் முடிந்ததும் போட்டதைப் பிரித்து நிலத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்று நிபந்தனை போடவும் 22 ஆவது பிரிவு இடம் தருகிறது.

இங்கேதான் நம் மக்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். கையில் டி.ஓ.எல். இருக்கிறதே, போதாதா என்கிறார்கள். போதாது. டி.ஓ.எல். என்பது தேசிய நிலச் சட்டத்தின்கீழ் நில அலுவலகம் தரும் தற்காலிக உரிமம். அந்த நிலத்தில் யார் இருக்கலாம் என்பதை அது சொல்கிறது. அங்கே என்ன செய்யலாம் என்று திட்டமிடல் கோணத்தில் பார்ப்பது நகராண்மைக் கழகம். இரண்டும் வேறு வேறு தாள். டி.ஓ.எல். எந்த மாதத்தில் எடுத்தாலும் டிசம்பர் 31 ஐத் தாண்டாது. பெயர் மாற்றிக் கொடுக்க முடியாது; உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் முடிந்தது. அப்பா நடத்திய கடைக்கு மகன் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

தோட்டத்து மக்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. வேலை உள்ளவரைதான் லயத்து வீடு. தோட்டம் கைமாறினால் கோயிலுக்கும் கேள்விக்குறி. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டு போட்டுப் பலருக்குக் கைமாற்ற வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்று நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு சொல்கிறது. அங்கே காவல் உண்டு. கடலோர அரை ஏக்கருக்கு அந்தக் காவல் இல்லை.

தோட்டத்தை விட்டு வெளியேறிக் கடற்கரையில் வடை, மீகோரெங் விற்றுப் பிழைக்கும் அங்காடிக்காரருக்குத் ‘தற்காலிகம்’ என்பது ஒவ்வொரு டிசம்பரிலும் வரும் வயிற்றுக்கலக்கம். பணமுள்ளவருக்கோ அதே சொல் முடிவில்லாத அனுமதி. பாரம்பரியத்தைக் காக்கிறோம் என்று கிளம்பி முதலில் வடைக்கடையைத் தூக்கினால் அது நியாயம் ஆகாது. வடைக்கடை சாயங்காலம் மடங்கிப் போகும். சிமெண்டுத் தரை மடங்காது.

மற்ற நாடுகள் இதற்குக் கணக்கு வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் நாள் கணக்கு: திறந்த நிலத்தைத் தற்காலிகமாக வேறு காரியத்துக்குப் பயன்படுத்த, பொதுவாக ஆண்டுக்கு 28 நாள் வரை தனி அனுமதி தேவையில்லை, சந்தை போடுவதானால் 14 நாள்தான். இந்தியாவில் மீட்டர் கணக்கு: 2010 இல் திருத்தப்பட்ட சட்டப்படி, மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்ற மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. மீட்டர் கணக்கினால் அங்கே பழைய குடியிருப்புக்காரர்கள் படும் சிரமம் வேறு கதை. ஆனாலும் ஒரு கோடு இருக்கிறது. நம் நாட்டில் 2006 மார்ச்சில் நடப்புக்கு வந்த தேசியப் பாரம்பரியச் சட்டம், பாரம்பரியத் தளத்தைத் தொடும் திட்ட அனுமதிக்கு முன் ஊராட்சித் துறையும் பாரம்பரிய ஆணையரும் கலந்து செயல்பட வேண்டும் என்கிறது. மாநில எல்லை குறுக்கே ஓடும் தஞ்சோங் துவானில் இன்னொன்றும் தேவை: மலையடிவாரத்துக்கு வரும் எந்தத் தற்காலிக விண்ணப்பமும் அலோர் காஜா, போர்ட்டிக்சன் இரண்டு கழகங்களின் மேசைக்கும் போக வேண்டும். அனுமதித் தாளில் முடியும் தேதியைப் போட்டு, அந்தத் தேதியை அந்த இடத்திலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

சொல்ல வேண்டியது இன்னொன்று. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் போகும். 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். உரிமையாளர்களுக்கு என்பதைக் கவனியுங்கள். முப்பது வருடம் அங்கே கடை போட்டவருக்கோ, வாரந்தோறும் குளிக்க வருபவருக்கோ அந்தக் கடிதம் வராது. உள்ளூர்த் திட்டம் இருக்கும் இடத்தில் இந்த நோட்டீஸும் கட்டாயமில்லை. ஆகவே நிலம் இல்லாதவர் வாய் திறக்கக் கிடைக்கும் ஒரே நல்ல சமயம், உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போதுதான். குறைந்தது நான்கு வாரம் அவகாசம் உண்டு. யாரும் எழுதிக் கொடுக்கலாம், உரிமைப் பத்திரம் தேவையில்லை.

கடிதத்துக்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை. மலாயில் ஒரு பக்கம் போதும். எந்த இடம், லாட் எண் தெரிந்தால் அதுவும், இப்போது அங்கே என்ன நடக்கிறது, அடுத்த பத்து வருடத்தில் அங்கே என்ன வரக்கூடாது, ஏன். நேரில் விளக்கம் சொல்ல விரும்புவதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பெறப்பட்டது என்ற முத்திரை குத்தி ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளாமல் முகப்பிடத்தை விட்டு நகராதீர்கள்.