வென்றவர் கடமை

நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு மொழி ஒன்றாக இருத்தல் வேண்டும், சமயம் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்று கூறுவோர் உண்டு. இவ்விரண்டும் ஒன்றாக இராத ஒரு சிறு நாடு, உள்நாட்டுப் போருக்குப் பின்னும் சிதறாமல் நிலைத்த வரலாற்றை மாணவர்களாகிய நீங்கள் அறிதல் நலம். அந்நாடு சுவிட்சர்லாந்து.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனை ஒரு நாடு என்பதைவிட, 22 சிறு நாடுகளின் கூட்டு என்பதே பொருந்தும். 'கான்டன்' எனப்படும் அப்பகுதிகள் தனித்தனிச் சட்டமும் சுங்கமும் கொண்டிருந்தன. நடுவண் ஆட்சி வலுப்பெற வேண்டும் என்றனர் முற்போக்காளர். வலுப்பெற்றால் தம் சமயமும் பழைய உரிமைகளும் அழியுமே என்று அஞ்சினர் கத்தோலிக்கப் பழமைவாதிகள். 1841இல் ஆர்கௌ கான்டன் கத்தோலிக்க மடங்களை மூடியது. 1844இல் லூசர்ன் கான்டன், இறையியல் கல்வியை இயேசு சபையாரிடம் ஒப்படைத்தது. ஒரு சாரார் செயல் மறு சாராருக்கு அறைகூவலாயிற்று. 1845இல் ஏழு கத்தோலிக்கக் கான்டன்கள் தமக்குள் தற்காப்புக் கூட்டு அமைத்தன. அதனைக் கலைக்குமாறு பொதுப்பேரவை ஆணையிட்டது, அவை இணங்கவில்லை. 1847 நவம்பரில் போர் மூண்டது.

பேரவைப் படைக்குத் தலைமை ஏற்றவர் ஜெனீவாவைச் சேர்ந்த தளபதி டுஃபூர். எதிர்த்து நின்றவர்களும் தம் நாட்டவரே என்பதை அவர் மறக்கவில்லை. காயமுற்றோரைக் காக்க வேண்டும், தேவாலயங்களுக்குத் தீங்கு செய்யலாகாது என்று தம் வீரருக்குக் கட்டளையிட்டார். நான்கு வாரத்திற்குள் போர் முடிந்தது. இருதரப்பிலும் மாண்டவர் ஏறத்தாழ நூறு பேரே. இதே டுஃபூர்தான் 1863இல் ஜெனீவாவில், பின்னாளில் செஞ்சிலுவைச் சங்கமாக வளர்ந்த குழுவின் முதல் தலைவரானார்.

வென்றவர்கள் நினைத்திருந்தால் கான்டன்களையே ஒழித்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. 1848ஆம் ஆண்டு அரசியலமைப்பு உள்நாட்டுச் சுங்கத்தை நீக்கியது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் மூன்றையும் நாட்டு மொழிகளாக ஏற்றது. ஓர் அவையில் மக்கள்தொகைக்கேற்ப இடங்கள். மற்றோர் அவையிலோ பெரிய பெர்னுக்கும் இரண்டு இடம், தோற்றவர் பக்கம் நின்ற சிறிய ஊரிக்கும் இரண்டு இடம். 1852இல், தோற்ற கான்டன்கள் செலுத்த வேண்டியிருந்த போர்க்கடனின் எஞ்சிய பகுதியும் தள்ளுபடியாயிற்று.

ஆயினும் புண் உடனே ஆறிவிடவில்லை. தோற்ற கான்டன்களில் பல, புதிய அரசியலமைப்பை எதிர்த்தே வாக்களித்திருந்தன. எழுவர் கொண்ட முதல் ஆட்சிக் குழுவில் அனைவரும் வென்ற தரப்பினரே. பழமைவாதிகளுள் ஒருவரான யோசெப் செம்ப் அக்குழுவில் இடம்பெற 1891 வரை, அதாவது 43 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இயேசு சபையின் மீதான தடை 1973இல்தான் நீங்கியது. 1979இல் பெர்னிலிருந்து ஜூரா என்னும் புதிய கான்டன் பிரிந்தது. ஆனால் இம்முறை படை கொண்டு அன்று, வாக்குச்சீட்டுக் கொண்டு.

இதிலிருந்து நாம் அறிவது யாது? கருத்து வேற்றுமை நாட்டைப் பிளப்பதில்லை. தோற்றவனுக்கு இனி இங்கு இடமில்லை என்னும் எண்ணமே பிளக்கிறது. அவ்வெண்ணம் எழாமல் காப்பது வென்றவர் கடமை. கல்லூரிப் பேரவைத் தேர்தலில் வெல்லும் மாணவரும் மறுநாளே தொடங்கத்தக்க கடமை இது. தோற்ற நண்பரை அழைத்து, அவர் கருத்துக்கும் செவிசாய்க்கப் பழகுங்கள். நிலைத்த ஒற்றுமைக்கு அதுவே முதற்படி.