குடியும் கவலையும் மூளையில் செய்கிற வேலை

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



வாரக் கூலி பட்டுவாடா ஆகும் நாளில், வாசலிலேயே காத்து நிற்கும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காசு கைக்கு வந்த நிமிஷத்திலேயே வாங்கிவிட வேண்டும். கடைத் திருப்பத்தைத் தாண்டவிட்டால் பாதிகூட வீடு வந்து சேராது.

"இந்த மனுஷனுக்கு ரோஷமே கிடையாதா?" என்று அந்தத் தாய்மார்கள் கேட்கிறார்கள். அவனைக் கேட்டால், "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்கிறான். அந்தச் சத்தியம் பொய்யல்ல, தோழர்களே. மனதாரத்தான் செய்கிறான். ஆனால் மறுநாள் பொழுது சாய்ந்ததும் கடை வாசலில் நிற்கிறான். இது எப்படி நடக்கிறது? இதைப் பற்றி விஞ்ஞானிகள் கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் வந்திருக்கிறோம்.

நம் ஒவ்வொருவர் மூளையின் நடுப்பாகத்திலும் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. டோப்பமின் என்ற ரசாயனத்தை அது மூளையின் வேறு பகுதிகளுக்கு அனுப்புகிறது. பசித்தவனுக்குச் சோறு கிடைக்கும்போது, தாகத்தில் தண்ணீர் கிடைக்கும்போது, இந்த அணுக்கள் வேலை செய்கின்றன. "இது நல்லது, இதை மறக்காதே, மறுபடியும் தேடு" என்று உடம்புக்குச் சொல்லிக் கொடுக்கின்றன. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எந்த ஜீவனும் இரை தேடியிராது, குட்டியைப் பேணியிராது.

1954ல் கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகரில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தினார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அதன் மூளையில் இலேசாக மின்சாரம் பாயும். மூளையின் சில இடங்களில் கம்பி இருந்தபோது, எலி அந்தக் கோலை விடவே இல்லை. மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை அழுத்திய எலிகளைப் பின்னால் கண்டார்கள். பசியோடு இருந்தும் தீனியை விட்டு மின்சாரத்தைத் தேடிய எலிகளும் உண்டு.

பிறகு 1990களில் சுவிட்சர்லாந்தில் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி, குரங்குகளின் டோப்பமின் அணுக்களை நேராகவே கவனித்தார். குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழரசம் விழுந்ததும் அணுக்கள் துடித்தன. அடுத்து, பழரசம் வருமுன் ஒரு விளக்கு எரியும்படி செய்தார். குரங்குக்கு அது பழகியதும், விளக்கைக் கண்டபோதே அணுக்கள் துடித்தன. பழரசம் வந்தபோது அந்தத் துடிப்பு இல்லை. விளக்கு எரிந்தும் பழரசம் வராமல் போனால், வரவேண்டிய அந்த நொடியில் அணுக்கள் அடங்கிப் போயின.

இந்த விளக்கை நம் ஊருக்குக் கொண்டு வந்து பாருங்கள். ஷிப்டு முடிந்து ஊதும் சங்கு, கூட்டாளி தோளில் போடும் கை, கடைத் திருப்பத்தில் வரும் வாடை. நமக்கு இவைதான் அந்த விளக்கு. குடிக்கும் முன்பே மூளை ஓடத் தொடங்கிவிடுகிறது. காலையில் செய்த சத்தியம் மாலையில் இந்த ஓட்டத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது.

சோறும் தண்ணீரும் இந்த அணுக்களை அளவோடு தூண்டும். போதைப் பொருளுக்கு அந்த அளவு தெரியாது. பீடியிலும் புகையிலையிலும் உள்ள நிக்கோடின் அணுவை நேராகப் போய்த் தட்டுகிறது. அபினி வகையறா, டோப்பமின் அணுக்களை அடக்கி வைத்திருக்கும் காவல் அணுக்களைத் தூங்கச் செய்கிறது. கோகெய்ன், வெளிவந்த டோப்பமின் திரும்பிப் போகும் வாசலை அடைத்துவிடுகிறது. சாராயம் பல வழியில் புகுந்து அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. வருஷக்கணக்கில் இப்படி வெள்ளம் பாய்ந்தால் மூளை என்ன செய்யும்? தறியோசையில் வெகுகாலம் நின்றவருக்குக் காது மந்தப்படுகிறதல்லவா? அதுபோல டோப்பமினை வாங்கிக்கொள்ளும் இடங்கள் குறைந்து போகின்றன. கோகெய்ன் பழக்கமுள்ளவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்து 1993ல் நோரா வோல்கோவ் குழுவினர் இதைக் கண்டார்கள். நிறுத்திச் சில மாதமான பிறகும் அந்தக் குறைவு நீடித்தது. குடிப்பவர்களிடமும் அதே குறைவைப் பின்னால் கண்டார்கள். பிள்ளையின் சிரிப்பும் பண்டிகைப் பலகாரமும் அவனுக்கு ஏன் சப்பென்று ஆகிவிடுகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிக் கவலைக்கு வருவோம். நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

2003ல் கலிபோர்னியாவில் ஒரு விஞ்ஞானிக் குழு சுண்டெலிகளை வைத்துப் பரிசோதனை செய்தது. கோகெய்ன், ஆம்பெட்டமின், மார்பின், நிக்கோடின், மது ஆகிய ஐந்தையும் தனித்தனி எலிகளுக்கு ஒரே ஒரு தடவை கொடுத்தார்கள். மறுநாள் பார்த்தால், டோப்பமின் அணுக்களைத் தூண்டும் நரம்பு இணைப்புகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி பலப்பட்டிருந்தன. போதை தராத வேறு மருந்துகளைக் கொடுத்தபோது அப்படி ஆகவில்லை. வேறு சில எலிகளுக்கு எந்த மருந்தும் கொடுக்கவில்லை. குளிர்ந்த நீரில் போட்டுத் தத்தளிக்க மட்டும் விட்டார்கள். அவற்றின் மூளையிலும் அதே மாற்றம்! பயத்தின்போது உடம்பில் ஊறும் ஒரு சுரப்பின் வேலையை முன்கூட்டியே தடுத்துவிட்டால், தத்தளிப்பால் வரும் மாற்றம் ஏற்படவில்லை. கோகெய்னால் வருவது மட்டும் அப்போதும் வந்தது. வந்த பாதை வேறு. வந்து தட்டிய கதவு ஒன்று.

எலியையும் மனிதனையும் ஒன்றாகப் பேசலாமா என்று கேட்பீர்கள். எலிக்கு வட்டிக் கடன் கிடையாது, மேஸ்திரியும் கிடையாது. ஆனால் இந்த நரம்பணுக்களின் அமைப்பு அதற்கும் நமக்கும் பெரும்பாலும் பொது.

நம்மை இன்னும் நெருங்கி வரும் செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 20 குரங்குகளை முதலில் தனித்தனியாக வைத்து மூளையைப் படமெடுத்தார்கள். அப்போது அவற்றுக்குள் வித்தியாசம் இல்லை. பிறகு நான்கு நான்காகச் சேர்த்து அடைத்தார்கள். ஒவ்வொரு கூண்டிலும் ஒன்று மேலதிகாரம் செய்தது. மற்றவை அடங்கி நடந்தன. சில மாதங்களில், அதிகாரம் செய்த குரங்கின் மூளையில் டோப்பமினை வாங்கும் இடங்கள் பெருகியிருந்தன. அடங்கிக் கிடந்ததற்குப் பெருகவில்லை. கோகெய்னை வைத்தபோது, அடங்கிக் கிடந்த குரங்குகள் அதை நாடின. அதிகாரக் குரங்குகளை அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இது 2002ல் வெளியான ஆராய்ச்சி. குரங்குக் கூண்டை அப்படியே நம் சமூகத்துக்குப் பொருத்திவிட முடியாது. பங்களாவிலும் குடிகாரர் உண்டு. ஆனாலும், "கூலிக்காரனுக்குப் புத்தி அவ்வளவுதான்" என்று பேசுகிறவர்கள் இந்தக் கூண்டை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.

விட்டவன் மறுபடி ஏன் விழுகிறான்? 1995ல், அதே மாண்ட்ரீல் நகரில், ஹெராயினுக்குப் பழக்கிய எலிகளுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். கோலை அழுத்திப் பயனில்லை என்று எலிகள் ஓய்ந்துபோன பிறகு, காலில் சிறு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஓய்ந்த எலிகள் மறுபடி அதே கோலுக்கு ஓடின.

இதைப் படித்தபோது நம் வீட்டுச் சண்டைகள்தான் எங்கள் நினைவுக்கு வந்தன. ஒரு மாதம் தொடாமல் இருந்தவனிடம், "நீ எங்கே திருந்தப் போகிறாய்?" என்று ஊரே ஏளனம் பேசுகிறது, கடன்காரன் வாசலில் வந்து கத்துகிறான், வேலையும் போகிறது. எலிக்குக் கொடுத்த அதிர்ச்சியை நாம் அவனுக்கு வேறு விதமாகக் கொடுக்கிறோம். அதற்காக, அடி வாங்குகிற பெண்ணைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அடிக்கிற கைக்கு மூளையைச் சாக்குச் சொல்ல முடியாது.

மீட்சியே இல்லையா என்றால், உண்டு. வியட்நாம் யுத்தத்திலிருந்து 1971ல் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் ஆராய்ந்தார். அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தார். திரும்பிய பிறகு மூன்று ஆண்டுகளில், அப்படி அடிமையானவர்களில் மறுபடி அடிமையானது நூற்றுக்கு 12 பேர்தான். யுத்தபூமி போயிற்று, பழைய கூட்டமும் கண்முன் இருந்த சரக்கும் போயின. நம் ஆட்களுக்கு அப்படி இடம் மாறிப் போக வழியில்லை. அதே ஷிப்டு, அதே கடன், அதே வழியில் அதே கடை. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனம் கையில் எடுத்ததும் 2003ல்தான். சுண்டெலி ஆராய்ச்சி வெளியான அதே ஆண்டு!

ஆகவே நாம் செய்யக்கூடியது என்ன? ஒன்றை அவசியம் நினைவில் வையுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று அடியோடு நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும். சிலருக்கு வலிப்பு வரும். இல்லாத உருவங்கள் தெரியும், புத்தி தடுமாறும். இதில் உயிரும் போகக்கூடும். பேய் பிடித்தது என்று கட்டிப் போடாதீர்கள். முதல் நாலைந்து நாள் மிகவும் ஆபத்தானவை. நிறுத்தப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், நிறுத்துவதற்கு முன்பே அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். எவ்வளவு குடிப்பார் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மருந்து இருக்கிறது. ஊசியாகச் சத்து மருந்தும் கொடுப்பார்கள்.

அதன் பிறகு கூலி நாளில் இரண்டு பேர் அவரோடு கூட நடந்து வாருங்கள். கொஞ்சம் சுற்றானாலும் கடை இல்லாத வழியாக வாருங்கள். வழியில் பழைய கதை எதையும் கிளறாதீர்கள். ஒருநாள் அவர் தவறி விழுந்துவிட்டாலும், அடுத்த வாரமும் வாசலில் அவருக்காகக் காத்து நில்லுங்கள்.