கிழங்கு தானாக விளைவதில்லை



புறநானூற்றின் 109ஆம் பாட்டில் கபிலர், பாரியின் பறம்பு மலையில் உழாமலே கிடைக்கும் நான்கு உணவுகளைச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். கிழங்கு காட்டில் தானாக விளையும், இல்லாதவர்கள் தோண்டித் தின்பார்கள் என்றுதான் நம் பொதுப்புத்தி இன்றும் நினைக்கிறது.

தானாக விளைவதில்லை தோழர்களே. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பளியரும் காணிக்காரரும் கொடியையும் இலையையும் பார்த்தே வள்ளி எது, நூறை எது, கவலை எது என்று சொல்லிவிடுவார்கள். தோண்டும்போது கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியைக் குழியிலேயே விட்டு மண் மூடுவார்கள். அடுத்த மழைக்கு அது மறுபடி தழைக்கும். கசப்பும் நஞ்சும் உள்ள கிழங்கை வேகவைத்து, தண்ணீரில் ஊறவைத்து உணவாக்குவார்கள். இவை தலைமுறை தலைமுறையாகச் சோதித்துச் சேர்த்த அறிவு. ஏட்டில் எழுதியவன் அறிஞன், மண்ணில் கைவைத்தவன் கூலி என்று பழகிய சாதியச் சமூகம் இதை அறிவென்று ஒப்புவதில்லை. ஆய்வுக் கட்டுரையிலும் எழுதியவருக்குத்தான் பெயர். கற்றுத் தந்தவர் வெறும் 'தகவலாளி'.

இப்போது மரபு அறிவைக் காப்போம் என்ற குரல் பலமாகக் கேட்கிறது. கண்காட்சி நடக்கிறது, விருது தரப்படுகிறது. நல்லதுதான். ஆனால் நெல் விதையை உலர்த்திக் குளிர் அறையில் ஆண்டுக்கணக்கில் வைப்பதுபோல் கிழங்கை வைக்க முடியாது. முளைத்துவிடும், இல்லையென்றால் அழுகிவிடும். திரும்பத் திரும்ப நட்டாக வேண்டும். 1963இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும் தன் ரகங்களை வயலில் நட்டுக் காக்கிறது. அதற்கு நிலம் இருக்கிறது. சமவெளியில், அரிசி வாங்க வழியில்லாத நாட்களில் சேம்பும் சேனையும் வேகவைத்துப் பிள்ளைகளை வளர்த்த சேரிப் பெண்ணுக்கு மூன்று சென்ட் காலனி வீடுதான் இருக்கிறது. அவர் சேனையை எங்கே நடுவார்?

ஆகவே கிழங்கைக் காப்பது நிலத்தின் கேள்வி. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று 1892இல் ஆணையிட்டு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மலையிலும் கதை வேறல்ல. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சிறு வனப் பொருட்களின் பட்டியலில் கிழங்கைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதன் 3(1)(சி) பிரிவு அவற்றின் மீதான உடைமையையும், 3(1)(கே) பிரிவு மரபு அறிவின் மீதான சமூக உரிமையையும் ஏற்கின்றன. ஆனாலும் தோண்டுகோலோடு காட்டுக்குள் போகிறவர் பல இடங்களில் அத்துமீறியவராகவே நடத்தப்படுகிறார்.

தோண்டத் தடை விதித்தால், தலையைத் திரும்ப நடும் பழக்கமும் சேர்ந்தே போகும். பிள்ளைகளுக்குக் கொடியை அடையாளம் காட்ட ஆள் இருக்காது. அதன்பிறகு எத்தனை விருது கொடுத்து என்ன?

அறிவைப் பாராட்டிவிட்டு, அறிந்தவரை நிலத்துக்கும் காட்டுக்கும் வெளியே நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது. பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடுங்கள். வன உரிமையைக் கிராம சபை வழியாக நடைமுறைப்படுத்துங்கள். கிழங்கை அவர்கள் காப்பாற்றிக்கொள்வார்கள்.